2எஸ் ஹார்ட்கேஸ் லைப்போவுக்கு சார்ஜிங் லீட்: ஒயர் வெட்டுவது முதல் மில்லிவோல்ட் சோதனை வரை

1/10 அளவு ரேடியோ கன்ட்ரோல் ரேஸ் கார்களில் போடும் 2எஸ் ஹார்ட்கேஸ் லைப்போ (இரண்டு செல் கொண்ட, கெட்டிப் பெட்டிக்குள் வரும் லித்தியம் பாலிமர்) பேட்டரி பலவற்றில் ஒயர் எதுவும் வெளியே வராது. பெட்டியின் மேல் இரண்டு பெரிய துளைகள், ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். பெரியவை 4 அல்லது 5 மி.மீ புல்லட்டுக்கு, அதாவது உருளை வடிவ உலோகச் செருகு முனைக்கு. சின்னது 2 மி.மீ பாலன்ஸ் பின்னுக்கு; சார்ஜர் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனியாகப் பார்த்துச் சமன்செய்வது இதன் வழியே. பிளஸ் துளைக்கும் மைனஸ் துளைக்கும் அளவிலோ உருவத்திலோ வித்தியாசம் கிடையாது. எக்ஸ்டி60 என்ற இணைப்பியைப் போலத் தலைகீழாகச் செருகவே முடியாத அமைப்பு இங்கே இல்லை. சிவப்பு, கறுப்பு என்ற நிறம் மட்டும்தான் காவல். ஆகவே சார்ஜரையும் பேட்டரியையும் இணைக்கும் இந்த லீட்டைச் செய்யும்போது ஈயம் வைக்கும் கைத்திறனைவிடப் பெரிய விஷயம், எந்த ஒயர் எங்கே போகிறது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பது.

தப்பினால் என்ன ஆகும்? 5000 எம்ஏஹெச், 50சி (கொள்ளளவின் 50 மடங்கு ஆம்பியர்) என்று அச்சிட்ட பேட்டரி, அந்த அச்சை நம்பினால், 250 ஆம்பியர் கொடுக்கும். பாதி கொடுத்தாலே புல்லட் உருகப் போதும். சார்ஜரின் மெயின் அவுட்புட்டில் தலைகீழ் இணைப்புக்குப் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்கும். பாலன்ஸ் போர்ட்டிலும் இருக்கும் என்று நம்பி இறங்கக்கூடாது. பல சார்ஜர்களில் பாலன்ஸ் மைனஸும் மெயின் மைனஸும் உள்ளுக்குள் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. பாலன்ஸ் பிளக்கில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தால் பேட்டரியின் பிளஸ் நேராக மைனஸில் போய் முட்டும். மெல்லிய ஒயரும் சார்ஜரின் உள் தடமும் கருகும்.

வாங்க வேண்டியவை

ஒரு லீட்டுக்கு இவ்வளவு போதும்:

14 ஏடபிள்யூஜி (அமெரிக்க ஒயர் பருமன் கணக்கு) சிலிகான் ஒயர், சிவப்பு 30 செ.மீ, கறுப்பு 30 செ.மீ.
புல்லட் 2. அளவைப் பேட்டரியின் விவரத்தாளில் பார்த்து வாங்குங்கள். 5 மி.மீ துளையில் 4 மி.மீ புல்லட் உட்காராது, தொங்கும். இரண்டுக்கும் பொருந்தும் படி வைத்த 4/5 மி.மீ புல்லட்டும் கிடைக்கிறது.
2 மி.மீ பாலன்ஸ் பின் 1.
3 பின் ஜேஎஸ்டி-எக்ஸ்ஹெச் பிளக், 22 ஏடபிள்யூஜி சிலிகான் ஒயரோடு கிரிம்ப் செய்தே (உலோக முனையை ஒயரில் நசுக்கிப் பொருத்தியே) வருவது, நீளம் 30 செ.மீக்குக் குறையாமல்.
சார்ஜர் முனைக்கு 4 மி.மீ பனானா பிளக் சிவப்பு 1, கறுப்பு 1. அல்லது சார்ஜரில் எக்ஸ்டி60 இருந்தால் அதற்கேற்ற எக்ஸ்டி60 ஒன்று.
ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும்) குழாய் 6 மி.மீ சிவப்பு, கறுப்பு, 3 மி.மீ ஒரு துண்டு.
60/40 அல்லது 63/37 ரோசின் கோர் ஈயம்.

எக்ஸ்ஹெச் கிரிம்பை வீட்டில் செய்யாதீர்கள் என்பதே எங்கள் அபிப்பிராயம். அதற்கான கிரிம்பிங் கருவி இல்லாமல் மூக்கு பிளையரால் நசுக்கிய முனை, நான்கைந்து தடவை செருகி எடுத்ததும் பின்னால் நழுவும். ஒயரோடு வரும் பிளக் மலிவு. இல்லையென்றால் ஒரு 2எஸ் பாலன்ஸ் எக்ஸ்டென்ஷனை வாங்கி, வேண்டாத முனையை வெட்டிவிடலாம்.

சால்டரிங் அயர்ன் 60 வாட்டாவது வேண்டும், உளி போன்ற தட்டை முனையோடு. ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் பென்சில் அயர்ன் இதற்கு ஆகாது. புல்லட்டின் பித்தளை உடம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அயர்ன் முனை ஆறிப்போகும், ஈயம் ஒட்டியது போலத் தெரிந்தாலும் உள்ளே பிடித்திருக்காது. குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. மிச்சம் ஒயருக்குள் ஏறி, சில மாதத்தில் செம்பைப் பச்சையாக அரித்துவிடும்.

ஒயர் கணக்கு

14 ஏடபிள்யூஜி என்பது சுமார் 2.1 சதுர மி.மீ. கடையில் வெறுமனே "14 கேஜ்" என்று கேட்டால் எஸ்டபிள்யூஜி என்ற பிரிட்டிஷ் கணக்கில் எடுத்துக் கொடுக்கவும் வாய்ப்புண்டு. எஸ்டபிள்யூஜி 14 கிட்டத்தட்ட 12 ஏடபிள்யூஜி பருமன். தடித்த ஒயரால் கேடில்லை, ஆனால் புல்லட் குழியில் பாலன்ஸ் ஒயரோடு சேர்த்து நுழைக்க இடம் போதாமல் போகும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் சதுர மி.மீ கணக்கைச் சொல்லி, சிலிகான் உறைதானா என்று நகத்தால் கிள்ளிப் பார்த்து வாங்குவது நல்லது. பிவிசி உறை அயர்ன் பட்டதும் சுருங்கிப் பின்வாங்கும்.

இந்த ஒயரின் தடை மீட்டருக்கு சுமார் 8.3 மில்லிஓம். 30 செ.மீக்கு 2.5 மில்லிஓம். 5000 எம்ஏஹெச் பேட்டரியை 1சி வேகத்தில், அதாவது 5 ஆம்பியரில் ஏற்றும்போது ஒரு ஒயரில் விழுவது சுமார் 12 மில்லிவோல்ட். இதை நினைவில் வையுங்கள், சோதிக்கும்போது தேவைப்படும். 5 ஆம்பியருக்கு மேல் போகவே மாட்டேன் என்பவருக்கு 16 ஏடபிள்யூஜி போதும். 10 ஆம்பியரைத் தாண்டுபவர் 12க்குப் போகலாம். நீளத்தை 50 செ.மீக்கு மேல் இழுக்க வேண்டாம். பேட்டரியை சார்ஜ் பையிலோ இரும்புப் பெட்டியிலோ வைத்துவிட்டு சார்ஜரைக் கொஞ்சம் தள்ளி வைக்க 30 செ.மீ போதுமானது.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த ஒயர், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதாக இருக்கலாம். வெள்ளி நிறத்தை வைத்து முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் நல்ல சிலிகான் ஒயரின் செம்பு இழைகளும் வெள்ளீயம் பூசித்தான் வரும். ஒரு மீட்டர் துண்டில் 5 ஆம்பியர் ஓடவிட்டு இரு முனைக்கும் நடுவே மில்லிவோல்ட் பாருங்கள். நல்ல 14 ஏடபிள்யூஜியில் 41 அளவில் நிற்கும். 60ஐத் தாண்டினால் அது அலுமினியம், அல்லது சொன்னதைவிட மெல்லிய ஒயர்.

பாலன்ஸ் பிளக்கை முதலில் சந்தேகப்படுங்கள்

அயர்னைச் சூடாக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. 3 பின் எக்ஸ்ஹெச் பிளக்கில் ஒரு ஓரம் பேட்டரி மைனஸ், நடுவில் இரண்டு செல்லும் சேரும் இடம், மறு ஓரம் பேட்டரி பிளஸ். தனியாக விற்கும் பிளக்குகளில் ஒயர் நிறம் தலைகீழாக வருவது சகஜம். பாலன்ஸ் ஒயரோடு வந்த வேறு ஏதாவது 2எஸ் பேட்டரியின் பிளக்கை எடுத்து இதன் பக்கத்தில் பிடியுங்கள். பிளக்கின் ஒரு முகத்தில் இரண்டு மேடுகள் ஓடும். இரண்டு பிளக்கிலும் அந்த மேடு உங்களைப் பார்க்கட்டும், செருகும் வாய் ஒரே திசையில் இருக்கட்டும். கறுப்பு இரண்டிலும் ஒரே ஓரத்தில் இருந்தால் சரி. இல்லையென்றால் ஊசி முனையால் பக்கவாட்டு ஜன்னலில் தெரியும் நாக்கை அமுக்கி, ஒயரை இழுத்து, இடம் மாற்றிச் செருகுங்கள். நாக்கைக் கொஞ்சம் வெளியே நிமிர்த்திவிட்டுச் செருகினால்தான் மறுபடி பூட்டும்.

ஒப்பிட வேறு பேட்டரி இல்லையா? சார்ஜரின் பாலன்ஸ் போர்ட் அருகே மைனஸ் குறி இருக்கும், அல்லது கையேட்டில் படம் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

புல்லட்டில் ஈயம்

பேட்டரி முனையில் ஒவ்வொரு புல்லட்டிலும் இரண்டு ஒயர் சேரும். சிவப்பு புல்லட்டில் தடித்த சிவப்பும் பாலன்ஸின் சிவப்பும். கறுப்பில் அதே போல இரண்டு கறுப்பு. பாலன்ஸின் நடு ஒயர் மட்டும் 2 மி.மீ பின்னுக்குப் போகும். அந்த நடு ஒயரை மற்ற இரண்டைவிட 2 செ.மீ நீளமாக விடுங்கள். இழுபட்டால் தடித்த ஒயர்தான் சுமையைத் தாங்க வேண்டும், ஊசி மாதிரியான பின் அல்ல.

உறையை 5 மி.மீ மட்டும் உரியுங்கள். ஈயத்தை அளவுக்கு மேல் ஊட்டினால் அது இழைகளுக்குள் ஏறி, உறைக்குக் கீழேயும் கொஞ்ச தூரம் போய் விறைத்துவிடும். வளையும்போது அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும். மெல்லிய ஒயரின் இழைகளைத் தடித்த ஒயரின் இழைகளைச் சுற்றி முறுக்கி, இரண்டையும் ஒன்றாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள். பூசிய பிறகும் இழைகளின் வரி வெளியே தெரிய வேண்டும். உருண்டை பிடித்தால் குழியில் நுழையாது.

ஹீட் ஷ்ரிங்க் துண்டை இப்போதே ஒயரில் கோர்த்து, குறைந்தது 10 செ.மீ தள்ளி விடுங்கள். பக்கத்திலேயே விட்டால் ஒயர் வழியே வரும் சூட்டில் அங்கேயே சுருங்கிக்கொள்ளும்.

புல்லட்டை நிறுத்த ஒரு மரத்துண்டில் அதன் அளவுக்குத் துளை போட்டு, ஸ்பிரிங் பக்கம் கீழே போகும்படி செருகுங்கள். இரும்பு வைஸில் பிடிப்பது தப்பு, வைஸ் சூட்டைக் குடித்துவிடும். அயர்னை 380 முதல் 400 டிகிரி செல்சியஸில் வைத்து, முனையில் ஒரு சொட்டு ஈயம் எடுத்து, புல்லட்டின் வெளிச்சுவரில் அகலமாக அழுத்துங்கள். மூன்று நான்கு விநாடியில் குழிக்குள் ஈயத்தை ஊட்டினால் தானாக உருகி இறங்கும். பாதிக்குச் சற்று மேல் நிரம்பியதும் நிறுத்தி, அயர்னை எடுக்காமலே ஒயரை உள்ளே இறக்குங்கள். ஒயரிலுள்ள ஈயமும் உருகிக் குழி ஈயத்தோடு கலப்பது கண்ணுக்குத் தெரியும். மேற்பரப்பு ஒரு நொடி பளிச்சென்று தளும்பும். அப்போது அயர்னை எடுத்துவிட்டு, பத்து விநாடி கையை அசைக்காதீர்கள். ஊதிக் குளிர்விக்க வேண்டாம். ஆறும்போது அசைந்த ஈயம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக நிற்கும். அப்படித் தெரிந்தால் மறுபடி சூடாக்கியே ஆக வேண்டும்.

ஈயம் வழிந்து ஸ்பிரிங் பகுதியில் ஒட்டிவிட்டால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், அந்தப் புல்லட்டைத் தூக்கிப் போடுங்கள். முப்பது நாற்பது ரூபாய் சாமானைக் காப்பாற்றப்போய், பேட்டரியின் உள் துளையைக் கீறிவிடுவோம். அதை மாற்ற வழியில்லை.

2 மி.மீ பின்னுக்கு இவ்வளவு சூடு வேண்டாம். 350 டிகிரி, இரண்டே விநாடி. ஈயம் ஒரு அரிசி மணி அளவு போதும்.

எல்லாம் ஆறியதும் ஹீட் ஷ்ரிங்கை இழுத்துவந்து சுருக்குங்கள். பேட்டரியில் முழுதாகச் செருகினால் வெளியே உலோகம் கொஞ்சமும் தெரியக்கூடாது; அதுதான் அளவு.

சார்ஜர் முனை

பனானா பிளக்கில் இரண்டு வகை. ஈயம் வைப்பது, திருகு போட்டு அழுத்துவது. திருகு வகைக்கு ஒயர் முனையில் ஈயம் பூசக்கூடாது. ஈயம் மிருதுவானது, அழுத்தத்தில் மெல்ல விலகிக் கொடுக்கும், சில வாரத்தில் திருகு தானாகத் தளரும். வெறும் இழையை மடித்துச் செருகலாம், அல்லது ஃபெருல் (இழைகளை மூடும் சின்ன உலோகக் குழாய்) போட்டு இறுக்கலாம். சார்ஜர் ஏற்றுக்கொண்டால் உறை மூடிய பனானாவே உத்தமம். சிவப்பும் கறுப்பும் ஒரே கட்டையில் சேர்ந்து வரும் இரட்டை பனானாவைத் தவிர்த்துவிடுங்கள், அதைத் தலைகீழாகவும் செருக முடியும்.

புதிய சார்ஜர்கள் பலவற்றில் அவுட்புட் பெண் எக்ஸ்டி60. லீட்டின் முனை ஆண் எக்ஸ்டி60 ஆக இருக்க வேண்டும். அதன் ஓட்டில் அச்சாகியிருக்கும் பிளஸ், மைனஸ் குறியைப் பார்த்து ஈயம் வையுங்கள், ஞாபகத்தை நம்பி அல்ல. ஈயம் வைக்கும்போது எதிர் ஜோடியைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். நைலான் ஓடு இளகும் நேரத்தில் பின்கள் சாய்ந்துவிடாமல் அந்த ஜோடி பிடித்துக்கொள்ளும். ஒரே பின்னைத் தொடர்ந்து சூடாக்காமல், ஒன்று முடிந்து ஆறிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

பேட்டரி படும் முன் சோதனை

மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். சிவப்பு பனானாவுக்கும் சிவப்பு புல்லட்டுக்கும் ஒலிக்க வேண்டும். கறுப்புக்கும் கறுப்புக்கும் ஒலிக்க வேண்டும். சிவப்புக்கும் கறுப்புக்கும் ஒலிக்கவே கூடாது. 2 மி.மீ பின்னுக்கும் எக்ஸ்ஹெச் நடுப் பின்னுக்கும் ஒலிக்க வேண்டும், மற்ற இரண்டு பெரிய புல்லட்டோடு அந்த நடுப் பின் ஒலிக்கக் கூடாது. எக்ஸ்ஹெச் வாய்க்குள் மீட்டர் முனை நுழையாது. பக்கவாட்டு ஜன்னலில் தெரியும் உலோகத்தைத் தொட்டால் போதும், உள்ளே திணித்து வாயை அகலமாக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு சோதனையின்போதும் இணைப்பை லேசாக வளைத்துப் பாருங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் அந்த ஈயத்தை மறுபடி உருக்க வேண்டும்.

அடுத்தது வோல்ட். கறுப்பு பனானாவின் மேல் ஒரு ரப்பர் குழாய்த் துண்டை மாட்டி, சிவப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பேட்டரி முனையை மட்டும் செருகுங்கள்: முதலில் கறுப்பு, அடுத்து சிவப்பு, கடைசியாகப் பின். எக்ஸ்ஹெச் கறுப்புக்கும் நடுவுக்கும் 3.7 முதல் 4.2 வோல்ட் வரை வர வேண்டும், கறுப்புக்கும் சிவப்புக்கும் அதன் இரு மடங்கு. மைனஸ் குறியோடு எண் வந்தால் எங்கோ நிறம் மாறியிருக்கிறது. பின்னைக் கழற்றி, சிவப்பைக் கழற்றி, கறுப்பைக் கழற்றி, ஆரம்பத்திலிருந்து பாருங்கள்.

இந்தச் சோதனை ஒன்றுக்கு மட்டும்தான் பேட்டரியை முதலில் செருகுகிறோம். தினசரி உபயோகத்தில் சார்ஜர் முனை முதலில், பேட்டரி பிறகு. கழற்றும்போது பேட்டரி முதலில், சார்ஜர் பிறகு. பேட்டரியில் மாட்டிய லீட்டின் இரண்டு பனானாவும் மேசையில் ஒன்றோடொன்று உரசினால் அது முழு ஷார்ட். இந்த ஆட்டத்தில் அடிக்கடி நடக்கும் விபத்துகளில் இதுவும் ஒன்று.

முதல் சார்ஜ்

சார்ஜரில் லைப்போ, பாலன்ஸ், 2எஸ், 7.4 வோல்ட். முதல் தடவை 2 ஆம்பியர் வையுங்கள். சார்ஜர் காட்டும் இரண்டு செல்லின் வோல்டேஜும் நீங்கள் மீட்டரில் பார்த்ததோடு ஒத்துப்போனால் 5 ஆம்பியருக்கு ஏற்றுங்கள். பத்து நிமிஷம் கழித்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொடுங்கள். எங்கேயும் வெதுவெதுப்பு இருக்கக் கூடாது. 20 மில்லிஓம் கெட்ட இணைப்பு 5 ஆம்பியரில் அரை வாட், 10 ஆம்பியரில் 2 வாட் சூடாகும். அவ்வளவும் ஒரே புள்ளியில்.

விரலைவிட மீட்டர் நம்பகமானது. 200 மில்லிவோல்ட் நிலையில், ஒரு முனையைச் சிவப்பு பனானாவின் பின்புறம் தெரியும் உலோகத்திலும், மறுமுனையைச் சிவப்பு புல்லட்டிலும் வையுங்கள். புல்லட்டைத் தொட இடமில்லையென்றால் மட்டும் அரை மி.மீ வெளியே இழுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே துருவம் என்பதால் ஷார்ட்டுக்கு இடமில்லை, கறுப்பின் மேல் கை வழுக்காத வரை. 5 ஆம்பியரில் 15 முதல் 20 வரை காட்டினால் நல்ல லீட். 50 காட்டினால் ஒயர் சரியில்லை அல்லது ஈயம் பிடிக்கவில்லை. கறுப்புக்கும் இதே.

இந்த மில்லிவோல்ட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. பாலன்ஸ் பிளக் மாட்டாமல் ஏற்றும்போது சார்ஜர் தன் வாயிலில் உள்ள வோல்டேஜைத்தான் பேட்டரியின் வோல்டேஜாக எடுத்துக்கொள்ளும். லீட்டில் 100 மில்லிவோல்ட் விழுந்தால், பேட்டரி 8.3இல் இருக்கும்போதே 8.4 வந்துவிட்டது என்று நினைத்து ஆம்பியரைக் குறைக்கத் தொடங்கும். "கடைசி பத்து சதவீதம் ஏற ஒரு யுகமாகிறது" என்ற புகாருக்குப் பாதி நேரம் காரணம் இது. லைப்போவை பாலன்ஸ் மாட்டாமல் ஏற்றுவதே தப்பு என்பது வேறு விஷயம்.

மற்ற இணைப்பிகள்

டீன்ஸ், எக்ஸ்டி60, இசி3, இசி5 போட்ட பேட்டரிகளில் பாலன்ஸ் ஒயர் தனியாகவே வெளியே வரும், ஆகவே லீட்டில் இரண்டு ஒயர் மட்டும். பேட்டரியில் பெண் இணைப்பி, லீட்டில் ஆண். இசி வகையில் புல்லட்டில் ஈயம் வைத்த பிறகு ஓட்டுக்குள் அழுத்த வேண்டும். அழுத்திப் பூட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் அழுத்தும் முன் இரண்டு தடவை குறியைப் பாருங்கள். டீன்ஸில் தகடு தட்டையாக இருப்பதால் ஒயர் பக்கவாட்டில் ஒட்டும், ஓடு சீக்கிரம் இளகும், எதிர் ஜோடி கட்டாயம். டிராக்ஸஸ் ஐடி இணைப்பியில் பாலன்ஸும் உள்ளேயே வருகிறது. வேறு சார்ஜரில் ஏற்ற அதற்கென்றே விற்கும் அடாப்டரை வாங்குவதுதான் வழி.

ஒரு லீட்டின் முனையில் அடாப்டர் மேல் அடாப்டர் மாட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு ஜோடியும் கூடுதல் தடை, தளரக் கூடுதல் இடம். இணைப்பி வகைக்கு ஒரு லீட் செய்து வைப்பது மலிவு.

பேட்டரியின் சொந்த இணைப்பியையே மாற்ற நினைத்தால், இரண்டு ஒயரையும் சேர்த்து வெட்டவே கூடாது. கட்டரின் இரண்டு அலகும் இரண்டு துருவத்தையும் இணைத்துவிடும். ஒன்றை வெட்டி, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் சுருக்கி மூடிய பிறகே அடுத்ததை வெட்டுங்கள்.

நிக்கல் பேட்டரிக்கு

7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளில் டமியா இணைப்பி வரும். நிறத்தை நம்பாமல் மீட்டரில் துருவம் பார்த்தே லீட் செய்யுங்கள். டமியாவின் மெல்லிய தகடு அதிக ஆம்பியரில் சூடாகும்.

நிக்கல் பேட்டரி நிறைந்ததை சார்ஜர் எப்படி அறிகிறது என்றால், வோல்டேஜ் உச்சிக்குப் போய், செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் இறங்குவதை வைத்துத்தான். ஆறு செல்லுக்குச் சேர்த்து 20, 30 மில்லிவோல்ட். தளர்ந்த டமியா தகடு, ஆடும் பனானா, பிடிக்காத ஈயம் எதுவானாலும் அந்த அளவுக்கு வோல்டேஜைக் குலுக்கிவிடும். சார்ஜர் அதை உச்சி இறக்கம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தாவது நிமிஷத்திலேயே "முழுதாக ஏறிவிட்டது" என்று நின்றுவிடும். பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், லீட்டின் தகடுகளை ஊசியால் கொஞ்சம் நெருக்கிவிட்டு, இன்னொரு தடவை ஏற்றிப் பாருங்கள்.